பேரத்துக்கு மசியாத பூதம்: டி.எம்.களுக்கு ஒரு திறந்த மடல்

தாம்பரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை, ஞாயிறு சாயங்காலமானால் மொட்டை மாடியிலோ ஹாலிலோ அட்டைத் திரையை நிறுத்திவைத்து அதன் பின்னால் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தும் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) தம்பி தங்கைகளுக்கு,



ஊரப்பாக்கத்தில், மின்சார ரயில் போகும்போதெல்லாம் டி.எம். பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டிய ஒரு மாடியில் நானும் ஆடுகிறேன். மேசையில் வயதில் மூத்தவன் நான்தான். என் பாத்திரம் ஒரு கிழட்டு மந்திரவாதி. நடிப்பதற்குப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. இந்த மடல் பொறிகளைப் பற்றி, குறிப்பாக மந்திரப் பொறிகளைப் பற்றி. உங்களில் பலர் அருமையாகக் கதை நடத்துகிறீர்கள். ஒரு காட்சியில் வந்து போகும் சத்திரக்காரனுக்குக்கூடத் தனிக் குரல் வைத்திருக்கிறீர்கள். பொறி என்று வந்ததும் மட்டும் கை நேரே அட்டவணைக்குப் போய்விடுகிறது.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். மந்திரவாதி கைப்பிடியைத் தொடுகிறார். குப்பென்று நெருப்பு. 2014இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டின்படி, முதல் நான்கு நிலைகளில் ஆடுபவர்களுக்கு 'ஆபத்தான' பொறி என்றால் இரண்டு பத்துமுகப் பகடை சேதம். முதல் நிலை மந்திரவாதிக்கு, உடல்வலு சராசரியாக இருந்தால், ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) 6. இரண்டு பத்துமுகப் பகடையில் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் விழ 100க்கு 90 வாய்ப்பு. ஆள் மயங்கி விழுவார். 12 அல்லது அதற்கு மேல் விழ 100க்கு 45 வாய்ப்பு. அப்படி விழுந்தால் சாவுச் சோதனை உருட்டக்கூட வழியில்லை, அதே இடத்தில் கதை முடிந்தது. கதவைத் தொட்டதைத் தவிர அந்த மனுஷன் ஒரு பாவமும் செய்யவில்லை.

"கண்டுபிடிக்க வாய்ப்புக் கொடுத்தேனே, அங்கிள்" என்பீர்கள். என்ன வாய்ப்பு? குழுவில் இருப்பதிலேயே கூர்மையான கண்ணுக்குப் பாஸிவ் பெர்செப்ஷன் 14. நீங்கள் பொறிக்கு டிசி (கண்டுபிடிக்க எட்ட வேண்டிய எண்) 15 என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருகிறீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது வெள்ளிக்கிழமை ராத்திரியே முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைப்பது முடிவு அறிவிப்புதான்.

இப்படி இரண்டு கதவு பார்த்த குழு மூன்றாவது கதவில் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். பத்தடிக் கழி வெளியே வரும். ஒவ்வொரு கல்லையும் தட்டுவார்கள். பெட்டியைத் திறக்கக் கோழி வாங்கி வருவார்கள். நாற்பதடி தாழ்வாரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் யாராவது ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். ஆட்டக்காரர்கள் கோழைகள் என்று அப்போது குறைப்படாதீர்கள். பயப்படச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

கொடூரத்துக்குப் பேர்போன ஒரு நிலவறை உண்டு. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் போட்டிக்காக நடத்தி, 1978இல் அச்சில் வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. அதில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும்; அந்த வாய்க்குள் நுழைந்தவர் எலும்புகூட மிஞ்சாமல் அழிந்துபோவார். தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திணறடிக்கவே கட்டியது அது. அந்த ஈவிரக்கமில்லாத மனிதர்கூட நடைபாதைத் தரையிலேயே ஒரு புதிர்ப் பாட்டைப் பதித்துவைத்தார். செத்தவர்கள் அந்தப் பாட்டை மிதித்துக்கொண்டுதான் போய்ச் செத்தார்கள். அது பொறி. நம் கதவு வெறும் வரிவசூல்.

சரி, மந்திரப் பொறிக்கு மாதிரி தேட நாம் அமெரிக்கா வரை போக வேண்டுமா? இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் இந்திர விழவு ஊரெடுத்த காதையைத் திறந்து பாருங்கள். புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள். ஒன்று, கூன், ஊமை, செவிடு, தொழுநோய் போன்றவற்றைப் போக்கும் பொய்கை. ஒன்று, பித்தும் நஞ்சும் ஏறியவர் சுற்றிவந்தால் குணமாகும் நெடுங்கல். ஒன்று, அரசனின் நீதி தவறினால் வாய் திறக்காமல் கண்ணீர் விடும் பாவை. இவை மூன்றையும் உங்கள் உலகத்தில் அப்படியே வைக்கலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பொறி என்ற கணக்கில் வருபவை மற்ற இரண்டு: வெள்ளிடை மன்றமும் பூத சதுக்கமும்.

பூத சதுக்கத்துப் பூதம் யாரைப் பிடிக்கும் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. போலித் துறவி, ஒழுக்கம் தவறி மறைந்து திரியும் பெண், துரோகம் செய்யும் அமைச்சன், பிறன் மனைவியை விரும்புகிறவன், பொய்ச்சாட்சிக்காரன், கோள் சொல்பவன் என ஆறு வகை. (அந்தக் காலத்துப் பட்டியல், உங்கள் உலகத்துக்கு நீங்கள் வேறு எழுதிக்கொள்ளுங்கள்.) அதைவிட முக்கியம், அந்தப் பட்டியல் ரகசியம் இல்லை. பூதம் தானே நாலு காதம் கேட்கும்படி உரத்த குரலில் அறிவித்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் பாசக்கயிறு. ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பொறியின் விதி தெரியும். தெரிந்தும் ஆட்கள் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அது காலுக்காகக் காத்திருக்கும் பொறி கிடையாது, ஆளுக்காகக் காத்திருக்கிறது.

இதற்கு ஒரு ஆட்டமே நடத்திக் காட்டியிருக்கிறார் இளங்கோ. அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே மாடலன் என்ற மறையவன் கதைத் தலைவன் கோவலனின் பழைய நற்செயல்களை நினைவுகூர்வான். ஒருவன் ஒரு நல்ல பெண்ணின்மேல் அவள் கணவனிடம் பொய்ப்பழி சொல்லிவிட்டான். பூதம் கயிறு வீசிப் பிடித்துவிட்டது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் குறுக்கே போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். பூதம் மறுக்கிறது. கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அப்படி வாங்கினால் எனக்கு நற்கதி இல்லை என்று காரணமும் சொல்கிறது. சொல்லிவிட்டு அவர்கள் கண்முன்னே அவனை அடித்துத் தின்கிறது. கோவலன் அந்தத் தாயோடு போய், அந்தக் குடும்பத்தையும் சுற்றத்தையும் பல ஆண்டு காப்பாற்றுகிறான்.

இதை ஒரு டி.எம். கண்ணோடு படியுங்கள். ஆட்டக்காரன் கையேட்டில் இல்லாத ஒன்றைச் செய்கிறான்: பொறியோடு பேரம் பேசுகிறான். நம்மில் பாதிப்பேர் இங்கே சொதப்புவோம். ஒன்று, "அது பொறி, பேசாது" என்று வாயை அடைப்போம். இல்லையென்றால், ஆட்டக்காரர் உருக்கமாகப் பேசிவிட்டார் என்று பெர்ஸ்வேஷன் உருட்டச் சொல்லி, 18 விழுந்ததும் விட்டுவிடுவோம். பூதம் இரண்டையும் செய்யவில்லை. காது கொடுத்துக் கேட்டது, தன் விதியைச் சொன்னது, விதிப்படி நடந்தது. அதற்குப் பிறகும் கோவலனுக்குச் செய்ய ஒரு காரியம் மிச்சம் இருந்தது. அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரிந்ததும் அந்த மறுப்பினால்தான். பொறியைத் தாண்டினால்தான் வெற்றி என்று யார் சொன்னது?

ஆகவே ஒரு மந்திரப் பொறியை எழுத உட்காரும்போது, டிசி எவ்வளவு என்று தொடங்காதீர்கள். இதை யார் வைத்தார், எதைக் காப்பாற்ற, யாரைப் போக விடும் என்று தொடங்குங்கள். கடைசிக் கேள்வியை எல்லோரும் மறக்கிறோம். கோயிலுக்கு அடியில் ஆறு மந்திரக் கண்ணி வைத்திருக்கிறீர்களே, தினம் விளக்கேற்றப் போகிறவர் எந்த வழியாகப் போவார்? எண்ணெய்த் தூக்கோடு அவர் போகும் வழி ஒன்று இருக்க வேண்டும், கவனித்துப் பார்த்தால் அது எங்களுக்கும் தெரிய வேண்டும். காசுக் கணக்கும் பார்க்க வேண்டும். 'கிளிஃப் ஆஃப் வார்டிங்' மூன்றாம் நிலை மந்திரம். ஒன்று வரைய ஒரு மணி நேரமும் 200 பொன் மதிப்புள்ள வைரத்தூளும் ஆகும், தூள் கரைந்துபோகும். கொள்ளைக்காரர் குகையில் ஆறு இடத்தில் வரைந்திருந்தால் 1,200 பொன். அவ்வளவு வைத்திருப்பவன் எதற்கு மாட்டுவண்டியை மறிக்கிறான்? எந்த ஆளைத் தாக்கக் கூடாது, எந்தச் சொல்லைச் சொன்னால் சும்மா இருக்க வேண்டும் என்று அந்த மந்திரத்திலேயே வைக்கலாம். அந்தச் சொல் யாருக்குத் தெரியும் என்பதிலிருந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.

தடயம் வைப்பது எப்படி என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர்களைக் கேளுங்கள். வீட்டுக்காரர் டைல்ஸைக் காட்டிக்கொண்டிருப்பார். போனவர் கண் சுவரில் தண்ணீர் நின்ற கறையைத் தேடும். புதுப் பெயின்ட் இடுப்புயரம் வரை மட்டும் அடித்திருந்தால் அதுவே பதில். வேலை செய்த பொறி எப்போதும் தடம் விட்டுத்தான் போகும். அந்தக் கறையை எங்கே வைப்பது என்று முதலில் யோசியுங்கள், பொறியை அப்புறம் அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.

பாரதத்து நச்சுப் பொய்கையும், பூத சதுக்கத்தைப் போல, விதியை முன்னதாகவே சொல்லிவிடும் இனம்தான். வனவாசத்தில் தாகத்தோடு தண்ணீர் எடுக்கப் போன தருமனின் தம்பிமார் நால்வரையும் குரல் ஒன்று தடுக்கிறது: என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி. நால்வரும் கேட்கவில்லை, விழுந்தார்கள். தருமன் நின்றான், பதில் சொன்னான். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் இந்தப் பொய்கைக்கு வேறொரு முகம் இருக்கிறது. துரியோதனன் ஏவலில் காளமாமுனிவன் வேள்வி செய்து பாண்டவர்களைக் கொல்ல ஒரு பூதத்தை அனுப்புகிறான். தன் மகன் தருமனையும் மற்றவர்களையும் காப்பாற்றத்தான் எமதருமன் அந்த நச்சுப் பொய்கையை உண்டாக்குகிறான். வந்த பூதம் செத்துக் கிடப்பவர்களைப் பார்த்து, கொல்ல ஆளில்லை என்று திரும்பிப் போய், ஏவியவனையே கொன்றுவிடுகிறது. பொறியில் விழுந்ததுதான் அவர்களைப் பிழைக்கவைத்தது! நான் இதுவரை படித்த எந்த ஆட்டப் புத்தகத்திலும் இப்படி ஒரு வடிவமைப்பைப் பார்த்ததில்லை. அடுத்த தடவை குழு முழுவதும் மண்ணைக் கவ்வும் நிலை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உதயணன் கதையையும் விட்டுவிட மனமில்லை. யாழிசையால் யானையை வசப்படுத்துகிறவன், வத்தவ நாட்டு அரசன். அவனைப் பிடிக்க உஞ்சை மன்னன் பிரச்சோதனன் உள்ளே வீரர்களை ஒளித்த எந்திர யானையைக் காட்டில் நிறுத்துகிறான். கொங்குவேளிரின் பெருங்கதை நமக்கு முதலும் முடிவும் இல்லாமல்தான் கிடைத்திருக்கிறது. அதனால் இந்தக் காட்சியைப் பாசனின் பிரதிஞ்ஞா யௌகந்தராயணம் என்ற சமஸ்கிருத நாடகத்தில் விரிவாகக் காணலாம். உதயணன் வாள்வீச்சில் வல்லவனாக இருந்தும் பொறி வாளைச் சீண்டவே இல்லை. யாழை எடுத்துக்கொண்டு தானாக யானைப் பக்கம் போக வைத்தது. உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தாளில் எதை ஆசையாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், தூண்டில் புழு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை இதைச் செய்தால் அவர் தன் பாத்திரத்துக்கு ஆசையே வைக்காமல் விட்டுவிடுவார். கொஞ்சம் சிக்கனமாகப் பாருங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றும் செய்து காட்டாமல் போனால் நியாயமில்லை. வெள்ளிடை மன்றத்தை வைத்து நான் கட்டிய ஒரு பொறியைத் தருகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 

மூலத்தில் அது ஒரு பண்டசாலை. வேற்றூர் வணிகர் தங்கள் பெயரும் சரக்கின் அளவும் எழுதிய பொதிகளைக் குவித்துவைத்திருப்பார்கள். கதவில்லை, தாழில்லை, காவல் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பையை அப்படி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற துணிச்சல் நம் யாருக்கும் வராது. யாராவது திருட நினைத்தால், மன்றம் அந்தப் பொதியை அவன் தலையில் ஏற்றிக் கழுத்து நோகச் சுற்றவைக்கும். வெளியே கொண்டுபோக விடாது.

என் வடிவம் இது. துறைமுக நகரத்தில் அறுபதடிக்கு நாற்பதடியில் ஒரு திறந்த கூடம், நடுவில் நாலு தூண். பொதிகளில் களிமண் இலச்சினை. தூண்களைச் சுற்றிக் கல்தரையில் வட்டமாக ஒரு தேய்மானம், செக்கு மாடு நடந்த தடம் மாதிரி. இது முதல் தடயம். மீன்காரம்மா ஒருத்தி காசுப் பெட்டியைக் கூடத்து ஓரத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள், இது இரண்டாவது. சத்திரத்தில் கழுத்து ஒருக்களித்த ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், கள் வாங்கிக்கொடுத்தாலொழிய வாய் திறக்க மாட்டான். மூன்றையும் கவனிக்காமல் உள்ளே போகிற குழுவுக்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

தொட்டால் ஒன்றும் ஆகாது. இலச்சினையைப் படிக்கலாம், அவிழ்த்துப் பார்க்கலாம், தூக்கியும் பார்க்கலாம். ஒருவர் பொதியைத் தூக்கியதும் டி.எம். ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" குரலில் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். ஆட்டக்காரர் சொல்லும் பதில்தான் பொறியின் விசை. கொண்டுபோகப் போகிறேன் என்றால் விஸ்டம் சேவிங் த்ரோ, டிசி 13. கூட்டல் 1 உள்ளவர் தப்ப 12 விழ வேண்டும், அதாவது 100க்கு 45. தப்பினால் உடம்பு வெடவெடக்கும், பொதி கையிலிருந்து நழுவும், இங்கே என்ன நடக்கும் என்று அவருக்குப் புரிந்துவிடும். தவறினால் பொதி தலைமேல். கையை எடுக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இனிஷியேடிவ் 20இல் கால் தானாக இருபதடி வலமாக நடக்கும். 2017இல் வந்த ஸனதாரின் கையேடு சொல்லும் பல சுற்றுப் பொறிகளின் கணக்கு இது. சண்டை நடக்கும்போது வைத்தால் இன்னும் ருசி. ஹெச்.பி. சேதமே கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு படி அயர்ச்சி, மூன்றாம் படியோடு நிறுத்திவிடுவேன். புகாரின் மன்றம் யாரையும் கொன்றதாக இளங்கோ சொல்லவில்லை, நான் ஏன் கொல்ல வேண்டும்?

விடுபட வழிகள்: பொதியை எடுத்த இடத்துக்கு நேராக வரும்போது இலச்சினையில் உள்ள பெயரைச் சொல்லி, எடுத்ததை ஒப்புக்கொள்வது. அல்லது சொந்தக்காரரையே கூட்டிவருவது. இன்னொருவர் பாரத்தில் கை கொடுத்தால் அயர்ச்சி பாதியாகும், ஆனால் அவரும் கூடவே சுற்ற வேண்டும். டிஸ்பெல் மேஜிக் அந்த ஒரு ஆளை விடுவிக்கும், மன்றத்தை ஒன்றும் செய்யாது.

எங்கள் மாடியில் இதை ஆடியபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பொறியின் விதியைப் புரிந்துகொண்ட குழு, தங்களைத் துரத்திக்கொண்டிருந்த வில்லன் தேடிய மந்திரச் சிமிழைத் தங்கள் பெயர் எழுதிய பொதிக்குள் வைத்து, கூடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் வில்லன் தூணைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். நெருப்புக் கதவை வைத்து யாராவது இப்படி ஒரு யோசனை செய்ய முடியுமா?

ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. பொதிக்குச் சொந்தக்காரன் கடலில் செத்துவிட்டான். மகள் வந்து கேட்கிறாள், அப்பாவின் முத்திரை மோதிரம் அவளிடம் இல்லை. அவளுக்காக எடுத்துக்கொடுக்க எங்கள் ரோக் தயார், ஆனால் பத்தில் ஒரு பங்கு கூலி பேசியிருக்கிறான். மன்றம் அவன் தலையில் ஏற்றுமா? மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தோம். உங்கள் மேசைகளில் ஆடிப் பார்த்துவிட்டு என்ன தீர்ப்புச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கூலிக்காரன் திருடனா என்பதுதான் கேள்வி. பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று என் கட்சி சொல்கிறது.

அன்புடன்,
உங்கள் கிழட்டு மந்திரவாதி,
ஊரப்பாக்கம்